பனி காயும் வரை அவர் வீட்டு மனுஷன் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். தை பிறந்துவிட்டால் பங்குனி வரை மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. ராத்திரி பத்து, பதினொன்றுக்கு வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். மாமியாருக்குச் சர்க்கரை, மகள் பத்தாம் வகுப்பு, ரெண்டு மாடு வேறு. நான் வீட்டில் தையலும் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும் "சீசன் முடியட்டும்" என்கிறார். சீசன் முடிந்தால் கையில் வேலை இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். நான் எப்போதுதான் பேசுவது? (ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்)

பதில்: அவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவரைத் திட்டுகிறேன்.

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்பது விதி. மழை கெடுத்த வருஷங்களில் கொஞ்சம் தளர்த்துவார்கள், அதற்கும் மேலிருந்து உத்தரவு வரவேண்டும், அதுவரை விவசாயி நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடப்பார், அந்தக் கோபமெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர் மேல்தான் இறங்கும். காய்ந்த நெல்லைத் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, தைத்து, அடுக்கி, பட்டியல் போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லாரி வராவிட்டால் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே நிற்கும். வெயிலில் காய்ந்து எடை குறைந்தால் அந்தக் குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிலையத்து ஆட்கள்தான். இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் ராத்திரி பதினொன்றுக்கு மகளின் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசினால், அவருக்கு அதுவும் இன்னொரு மூட்டையாகத்தான் தெரியும்.

சரி, இப்போது திட்டு. தை, மாசிப் பனியில் விடிந்ததும் நெல்லைப் பரப்ப முடியுமா? பனி இறங்கி, வெயில் ஏறி, நெல் சூடான பிறகுதானே நிலையத்தில் வேலையே சூடுபிடிக்கும். அப்படியென்றால் காலை ஆறிலிருந்து எட்டரை வரை அவர் எங்கே இருக்கிறார்? வீட்டில். என்ன செய்கிறார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் போன். ராத்திரி நேரத்தை அவரிடம் கேட்காதீர்கள், கிடைக்காது. காலையைக் கேளுங்கள். அதிலும் "கொஞ்சம் கூடமாட செய்யுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் ரெண்டே வேலையை அவர் பெயரில் எழுதிவிடுங்கள். ஒன்று, மாமியாரின் காலை மாத்திரையும் பலகாரமும். அவருடைய அம்மாதானே, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது உள்பட அவர் பொறுப்பு, நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது. ரெண்டாவது, மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்காருவது. பாடம் சொல்லித் தர வேண்டாம், எழுந்து உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்துக்கொண்டு இருந்தால் போதும். பரீட்சை வருவது அவருடைய சீசன் உச்சத்தை ஒட்டித்தான், அது ஒன்றும் திடீரென்று வந்த விஷயம் இல்லை, அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்றைக்கே தெரிந்த விஷயம்.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் தையலை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதுவும் சீசன் வேலைதான். பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் வரிசையில் நிற்கும்போதுதான் அவர் நிலையத்துக்கு ஓட ஆரம்பிக்கிறார். ரெண்டு சீசனும் ஒரே வீட்டில் முட்டுகிறது, முட்டும்போது வழிவிடுவது எப்போதும் நீங்களாக இருக்கிறீர்கள். அந்த ஒரு மாதம் மாமியார் மகள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம். நாத்தனாரிடம் அதைக் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, அவர். நீங்கள் கேட்டால் அது மருமகள் மாமியாரைத் துரத்திய கதையாகிவிடும், ஊரில் பத்து வருஷம் ஓடும்.

பேசுவதற்கு நேரம் கேட்டீர்கள். சித்திரை முடிந்து வைகாசி, ஆனி. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்து குறுவை நட்டாலும், அந்த நெல் நிலையத்துக்கு வர ஆவணி, புரட்டாசி ஆகிவிடும். அந்த இடைவெளியில் அவர் வாடிப்போய் உட்காருவது சம்பளம் இல்லாத கூச்சத்தினால். ஆகவே "சும்மாதானே இருக்கீங்க" என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள். மாமியாரின் கண் பரிசோதனை, பள்ளிக்கூடச் சேர்க்கை, ஓடு மாற்றுவது, மாட்டுக்குத் தீவனம் என்று எல்லா அலைச்சலையும் அந்த மாதங்களுக்குத் தள்ளி அவரிடம் கொடுங்கள். சீசன் சம்பளத்தில் எவ்வளவு அந்த மாதங்களுக்கு எடுத்து வைப்பது என்பதை தை மாதத்துக்கு முன்னாலேயே ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். கடிதத்தைப் படித்ததில் எனக்கென்னவோ அவர் முகத்தைத் தூக்குவதில் பாதி இந்தப் பணக் கவலைதான் என்று படுகிறது.

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குள் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் விடுவார்கள், பண்டிகை நேரத்தில் ஞாயிறும் கிடையாது. மூணாவது படிக்கும் என் பையன் "நீ எங்க வீட்டு அம்மாவா, கடை அம்மாவா"ன்னு கேட்டுவிட்டான். அன்றைக்கு முழுக்க அழுதேன். வேலையை விட்டுவிடவா? (பாபநாசம் வாசகி)

பதில்: வேண்டாம். பையன் கேட்டது சரியான கேள்விதான், ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் உங்கள் முதலாளி.

தமிழ்நாட்டில் கடைகளுக்கென்று 1947-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரம் பார்த்தால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 2021-ல் அதே சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். உங்கள் கணக்குப்படி சாப்பாட்டு நேரம் போகவே பத்து மணி நேரம் நிற்கிறீர்கள். "சட்டம் புத்தகத்தில்தான் இருக்கு, கடையில இல்லையே" என்பீர்கள். தெரியும். தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வேறு ஆள் நிற்பாள், அதுவும் தெரியும். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், எப்போது கேட்பது என்பதையும் பார்த்துக் கேளுங்கள். ஆடித் தள்ளுபடியிலும் ஆவணி முகூர்த்தத்திலும் முதலாளிக்குக் காது கேட்காது. புரட்டாசியில் கல்யாணம் இல்லை, கடை காற்று வாங்கும், அதே சமயம் தீபாவளிக்குப் பழகின ஆட்கள் வேண்டுமே என்ற பயம் அவருக்கு இருக்கும். கேட்பதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஞாயிறுதான் வேண்டும் என்று நிற்காமல் வாரத்தில் ஒரு நாள், பண்டிகை முடிந்ததும் மார்கழியில் சேர்ந்தாற்போல் சில நாள் என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார், எதுவும் நடக்கவில்லை என்றால் அவரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

பையன் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலைச் சாப்பாடு அங்கேயே உண்டு. 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி நம்ம திருக்குவளையில்தான் அந்தத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். "என் பிள்ளை ஏன் ஸ்கூல்ல உப்புமா சாப்பிடணும்" என்று வீம்புக்கு விடியற்காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தால் அதை விடுங்கள். அடுப்படியில் போகிற அந்த அரை மணியில் அவன் தலையை வாரிக்கொண்டே அவன் கதையைக் கேட்கலாம். மூணாவது படிக்கிற பையனிடம் கதைக்குப் பஞ்சமே இருக்காது.

கேள்வி: அக்கா, நான் ஐ.டி. கம்பெனி. திருத்துறைப்பூண்டி பக்கம் சொந்தக் கிராமத்தில் இருந்தே வேலை, அமெரிக்க நேரம். விடியற்காலை மூணு மணிக்குப் படுத்தால் ஏழு மணிக்கு அப்பா "வீட்லதானே இருக்கே, உர மூட்டையை ஏத்திட்டு வா" என்று எழுப்புகிறார். சொன்னால் புரியவில்லை.

பதில்: தம்பி, அப்பாவுக்கு வேலை என்றால் சேறு ஒட்டியிருக்க வேண்டும், சட்டையில் வேர்வை தெரிய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசுவது அவர் கணக்கில் வராது. விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு ராத்திரி அவரையும் முழித்திருக்கச் சொல்லுங்கள், அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஆற்றில் முறைத்தண்ணீர் விடும்போது நடுராத்திரியில் மண்வெட்டியோடு மடை திருப்பப் போனவர்தானே அவர், ராத்திரி வேலையின் அருமை தெரியாமல் இருக்காது.

உர மூட்டையை மட்டும் தட்டாதீர்கள். மதியம் ரெண்டு மணிக்கு மேல் என்று நேரம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுங்கள். ஒரு தடவை தவறினாலும் மறுநாள் ஏழு மணிக்குக் கதவு தட்டப்படும். அப்புறம், மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், உங்கள் மீட்டிங்கும் நகரும், அம்மா எடுத்து வைக்கிற ராத்திரிச் சாப்பாடும் ஆறும். அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை, சொந்த ஊர் நன்னிலம். வருஷா வருஷம் பொங்கலுக்கு லீவும் கிடைப்பதில்லை, டிக்கெட்டும் கிடைப்பதில்லை. அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பதில்: தீபாவளி தேதி மாறும், பொங்கல் மாறுமா? ஜனவரி நடுவில்தான் வரும் என்று தெரிந்துகொண்டே மார்கழி பிறந்த பிறகு மேலாளரிடம் போய் நின்றால் எப்படிக் கிடைக்கும்? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அன்றைக்கே லீவையும் எழுதிக் கொடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் காணும் பொங்கல் கழித்து ஒரு வாரம் விட்டுப் போங்கள், ஊருக்குப் போகிற ரயில் காலியாக இருக்கும், கரும்பும் விலை இறங்கியிருக்கும்.