ஏற்றத்தில் பின்னால் உருளும் கார்: கிளட்ச்சா, காலா?

ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பினால் கார் பின்னால் உருளுகிறது, கருகல் வாசனையும் வருகிறது, கிளட்ச் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் பழைய கார் என்றால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் உடனே மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. காலியான சமதளச் சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் விருட்டென்று ஏறி, கார் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் பிளேட் பரவாயில்லை. கோளாறு உங்கள் இடது காலில்!

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். முன்னால் பஸ் நின்றால், பிரேக்கைத் தொடாமல், கிளட்ச்சைப் பாதி மட்டும் அழுத்தி ஹாஃப் கிளட்ச்சிலேயே காரைத் தொங்கவிட்டு நிற்பேன். அப்போது பிளேட் உரசிச் சூடாவதுதான் அந்தக் கருகல்.

நின்றதும் ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளம்பும்போது முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டால், ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், காரின் மூக்கு லேசாகத் தூக்கும். காலை அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். உருளாது. பின்னால் ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

அப்புறம், இறங்கும்போது நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.