படிப்பவர் எதற்காக வந்திருக்கிறார்? தொழில்நுட்ப ஆவணங்கள் பற்றிய கேள்வி பதில்

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் தொழில். ஆவணங்களை எப்படி அடுக்குவது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, எங்கள் ஆவணங்கள் நூறு பக்கங்களைத் தாண்டிவிட்டன. எந்தக் குழு எதை உருவாக்கியதோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறோம். எல்லாவற்றையும் எழுதி வைத்தும் "அது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி ஓயவில்லை. எங்கிருந்து சீர்செய்வது?

தம்பி, அந்த வரிசை உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் குழுக்களைப் பற்றி என்ன தெரியும்? அவர் ஒரு தேவையோடு வருகிறார். டேனியேலே புரோச்சிடா என்பவர் அந்தத் தேவைகளை நான்காகப் பிரித்து, அந்த முறைக்கு டயாடாக்ஸிஸ் என்று பெயரிட்டார். புதிதாகக் கற்கிறவருக்குப் பயிற்சிப் பாடம், வேலையை முடிக்க வேண்டியவருக்குச் செய்முறை, விவரம் சரிபார்க்கிறவருக்குக் குறிப்புதவி, ஏன் இப்படி என்று யோசிக்கிறவருக்கு விளக்கம்.

ஒரு பக்கத்தில் இரண்டு தேவைகள் கலந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் நள்ளிரவில் சர்வர் நின்றுவிட்டது. காப்பு நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்கும் பக்கத்தை எழுதியவள் நான். காப்பு நகல் ஏன் தேவை, அதில் எத்தனை வகை என்று மூன்று பத்திகள். மீட்கும் கட்டளை நான்காம் பத்தியின் நடுவில். பணியில் இருந்த பொறியாளர் அதைக் காணாமல் என்னைத் தொலைபேசியில் எழுப்பினார். மறுநாள் காலை அந்த மூன்று பத்திகளையும் தனிப் பக்கத்துக்கு மாற்றினேன். செய்முறைப் பக்கத்தின் முதல் வரியிலேயே கட்டளை வந்துவிட்டது.

உங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த நான்கில் எதற்கானது என்று ஓரத்தில் எழுதுங்கள். இரண்டு பெயர்கள் விழும் பக்கங்களை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கலைத்துப்போட வேண்டாம்.

கேள்வி: பயிற்சிப் பாடமும் செய்முறையும் ஒன்றுதானே மேடம்? இரண்டிலும் படிப்படியாகத்தானே எழுதுகிறோம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். செய்முறையைத் திறக்கிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது தெரியும். பயிற்சிப் பாடத்துக்கு வருகிறவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. அவரைக் கைப்பிடித்துத்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

இணையச் செயலிகளைக் கட்ட உதவும் மென்பொருளான ஜாங்கோவின் தொடக்கப் பாடத்தைப் பாருங்கள். வாக்கெடுப்புச் செயலி ஒன்றைக் கட்டுவதுதான் அதன் பயிற்சி. முதல் பகுதியில் சர்வரை இயக்கியதும், தரவுத்தள மாற்றங்கள் இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. "இப்போதைக்கு இதைப் பொருட்படுத்த வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்ற பொருளில் ஒரே வரி சொல்லிவிட்டுப் பாடம் நகர்ந்துவிடுகிறது. தரவுத்தளம் இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. அந்த இடத்தில் விளக்கத் தொடங்கியிருந்தால் கற்கிறவர் அங்கேயே நின்றிருப்பார். அந்த ஒரு வரியில் நல்ல ஆசிரியரின் பொறுமை இருக்கிறது.

கேள்வி: நிரலிலிருந்தே குறிப்புதவி தானாக உருவாகிவிடுகிறது. அது போதாதா?

போதாது. வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு கணக்குக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் கணக்குப் போடுகிறவருக்கு வாய்ப்பாடு பிழையின்றி வேண்டும். அந்த அளவுக்கு அது தேவை.

கேள்வி: ஐயமாகக் கேட்கிறேன்: இப்படி வகை பிரித்து எழுதுவது புதிய மோஸ்தரா?

பெயர் புதியது, பிரித்து அடுக்கும் பழக்கம் பழையது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதிலேயே பயனர் அடிக்கும் கட்டளைகள் ஒரு பிரிவு, நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்கள் வேறு பிரிவு. யூனிக்ஸைப் போன்ற லினக்ஸில் கையேட்டுப் பக்கத்தைத் திறக்கும் கட்டளை "மேன்". இன்றும் அதில் "மேன் பிரின்ட்எஃப்" என்று அடித்தால் பொதுவாக பிரின்ட்எஃப் என்ற கட்டளையின் பக்கம் வரும். மூன்றாம் பிரிவைக் கேட்டு "மேன் 3 பிரின்ட்எஃப்" என்று அடித்தால் சி நிரல்மொழியில் அதே பெயருள்ள செயற்கூற்றின் பக்கம் வரும். பெயர் ஒன்றுதான், தேடி வருகிறவர்கள் வேறு.

நம் இலக்கண மரபிலும் நூற்பா சுருக்கமாக நிற்கும். காரணமும் எடுத்துக்காட்டும் உரையில் வரும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கிறது.

கேள்வி: நாங்கள் இரண்டே பேர். நான்கு வகையும் எழுத நேரமில்லை.

ஒரு பயிற்சிப் பாடம், அடிக்கடி கேட்கப்படும் ஐந்து வேலைகளுக்குச் செய்முறை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: வாசகருக்கு என்ன தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது அக்கா?

ஆவணத் தளத்தின் தேடல் பெட்டியில் என்ன அடித்து ஒன்றும் கிடைக்காமல் போனார்கள் என்று பாருங்கள். உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் படியுங்கள். அவர்கள் "உள்நுழைய முடியவில்லை" என்று எழுதியிருப்பார்கள். உங்கள் பக்கத்தின் தலைப்போ "அங்கீகார மேலாண்மை" என்று இருக்கும். தலைப்பை அவர்கள் சொல்லுக்கு மாற்றுங்கள். பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து அருகில் உட்காருங்கள். அவர் தயங்கும் இடத்தில் வாயைத் திறந்து உதவாதீர்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.