தண்ணீரைப் பழுப்பாக்கியது அந்தக் கம்பிதான்

கேள்வி: காரைக்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். போர் தண்ணீர் எடுத்ததும் தெளிவாக இருக்கிறது. ராத்திரி குடத்தில் வைத்தால் காலையில் அடியில் செந்நிறமாகப் படிகிறது. லேசாக உப்பும் கரிக்கிறது. வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். சாக்கடை போல ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா? படிகாரம் போட்டு வடிகட்டினால் போதும் என்கிறார் அப்பத்தா.

பதில்: முதலில் அந்தக் கம்பி வித்தை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகக் கலங்கும். நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் கிணற்றிலிருந்து வந்ததல்ல, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. அடுத்த தடவை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். அவர் கிளம்பிவிடுவார்.

சரி, அப்பத்தாவுக்கு வருவோம். படிகாரம் கலங்கலுக்கு மருந்து. தானாகப் படியாத நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கும். ஊரணித் தண்ணீருக்கு அது பொருத்தம்; 15 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் அளவே போதும். ஆனால் கரைந்த உப்பை அது தொடாது. துணியும் தொடாது. காபியை எத்தனை தரம் வடிகட்டினாலும் சர்க்கரை டம்ளருக்குத்தான் போகும். கொதிக்கவைத்தாலும் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டு விஷயமே அதுதான் என்று நினைக்கிறேன். நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அதனால்தான் எடுத்தவுடன் தெளிவாக இருக்கிறது. காற்றுப் பட்டதும் கரையாத துருவாக மாறிப் படிகிறது. அதாவது வடிகட்ட முடியாதது, தானே வடிகட்டக்கூடியதாகிவிடுகிறது. தண்ணீரை உயரத்திலிருந்து தாரையாக ஊற்றி, இரண்டு மூன்று முறை பாத்திரம் மாற்றி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அடி கலங்காமல் மேல் தண்ணீரை இறுத்து, கழுவிய மணலும் கூழாங்கல்லும் போட்ட பானை வழியாக விடுங்கள். செம்மை பெரும்பாலும் போய்விடும். இதற்கு ஆர்.ஓ. தேவையில்லை. இரும்புத் தண்ணீரை நேராக அதில் விட்டால் அதன் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதையும் அந்த சேல்ஸ்மேன் சொல்லியிருக்க மாட்டார்.

உப்பு வேறு கணக்கு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. உங்கள் அளவு தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள். சேல்ஸ்மேன் காட்டும் பேனா மீட்டர் மொத்த உப்பைக் குத்துமதிப்பாகச் சொல்லும், அவ்வளவுதான். ஃபுளோரைடோ கிருமியோ அதற்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். விற்கிறவர் வாசலுக்கே வருகிறார், சோதனைக்கு மட்டும் நாம் பாட்டிலோடு பஸ் ஏற வேண்டும். என்ன ஏற்பாடோ!

போகும்முன் மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் அலசி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதை அலசக் கூடாது.