ராணுவம் யார் சொல்லி நகர்கிறது?

கேள்வி: 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் கலவரம் வெடித்து எங்கள் கடையைச் சூறையாடியபோது ராணுவம் உடனே வரவில்லை. இவ்வளவு ஆட்களும் கவச வண்டிகளும் வைத்துக்கொண்டு தளபதி ஏன் கைகட்டி நின்றார்? – ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, வளைந்து கிடந்த ஷட்டரைப் பற்றியும், தரையில் கொட்டிய பருப்பை உங்கள் மாமியார் கூட்டி அள்ளியதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அந்த வாரம் நானும் எங்கள் தெருமுனையில் இரவு முழுக்க நின்றவன். ஃபீனிக்ஸிலும் சுற்றிலும் அந்த நாட்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதைச் சொல்லாமல் கடைகளைப் பற்றி மட்டும் பேச எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தளபதி தானாக வந்திருக்க முடியாது. வந்திருந்தால் அதுதான் குற்றம். நம் அரசியல் சாசனத்தின் 201ஆம் பிரிவு இதைப் பச்சையாகவே சொல்கிறது: போலீசுக்குத் துணையாகவோ, நாட்டைக் காக்கவோ, வெளிநாட்டுக் கடமைக்காகவோ படையை இறக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மட்டுமே உண்டு. அமைச்சருக்கும் இல்லை, தளபதிக்கும் இல்லை. அன்று தளபதி ஜெனரல் ருட்சானி மபான்யா. அவர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 12ஆம் தேதி ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட பிறகுதான் படை நகர்ந்தது. முதலில் 2,500 பேர், இரண்டு நாளில் அது 25,000 வரை என்று உயர்ந்தது.

கையெழுத்துப் போட்டதோடு ஜனாதிபதியின் வேலை முடிந்துவிடாது. என்ன காரணம், எந்த இடம், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்ற நான்கையும் அவர் நாடாளுமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நான் பிரிட்டோரியாவில் பாதுகாப்புச் செயலகத்தின் கோப்பு அறையில் பல வருடம் வேலை பார்த்தேன். அப்படிப்பட்ட கடிதங்களின் நகல்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒரு பக்கம்கூட வராது. ஆனால் ஜனாதிபதியின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு லாரிகூட முகாம் வாசலைத் தாண்டக் கூடாது.

ஏன் இவ்வளவு பூட்டு என்று கேட்பீர்கள். எண்பதுகளில் கறுப்பின மக்கள் வாழ்ந்த டவுன்ஷிப் தெருக்களில் சிப்பாய்கள் ரோந்து வந்ததைப் பார்த்த தலைமுறை நாம். அந்தக் கதவு மறுபடி எளிதாகத் திறந்துவிடக் கூடாது என்றுதான் சாசனம் எழுதியவர்கள் சாவியை ஒரே ஆள் கையில் கொடுத்தார்கள். மக்கள் ஓட்டால் வந்த நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த ஆள் அவர், அதே நாடாளுமன்றத்தால் நீக்கப்படக் கூடியவர். தாமதத்துக்குக் கணக்குக் கேட்பதென்றால் அங்கே கேளுங்கள் அம்மா. உங்கள் கோபம் நியாயமானது, அது சரியான வாசலுக்குப் போய்ச் சேரட்டும்.

கேள்வி: ஜனாதிபதி வெளிநாட்டில் இருந்தால்? – ஒரு மாணவர், டோங்காட்

பதில்: நல்ல கேள்வி தம்பி, இது நடந்தே இருக்கிறது. 1998 செப்டம்பர் 22ஆம் தேதி நம் படை அண்டை நாடான லெசோத்தோவுக்குள் நுழைந்தது. அப்போது மண்டேலாவும் நாட்டில் இல்லை, துணை ஜனாதிபதி எம்பெக்கியும் நாட்டில் இல்லை. தற்காலிக ஜனாதிபதியாக இருந்தவர் மங்கோசுது புத்தெலேசி. இன்காத்தா கட்சியும் மண்டேலாவின் ஏஎன்சி கட்சியும் நம் நேட்டால் மண்ணில் எவ்வளவு ரத்தம் சிந்தின என்று உன் தாத்தாவைக் கேள், சொல்வார். அந்த இன்காத்தாவின் தலைவர், மண்டேலாவின் நாற்காலியிலிருந்து, மண்டேலாவின் படைக்கு உத்தரவு கொடுத்தார். தளபதியாக இருந்த சிபிவே ந்யாண்டா ஏஎன்சியின் எம்கே படையில் வளர்ந்தவர். அவர் அந்த உத்தரவை ஏற்றார்.

அன்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ரேடியோவைச் சுற்றியே நின்றோம். லெசோத்தோவில் அந்தப் படையெடுப்பு சரியாகத் திட்டமிடப்படவில்லை என்பது என் கருத்து. உயிர்கள் போயின, மசேரு நகரக் கடைத்தெரு எரிந்தது. ஆனால் உத்தரவு தந்தவர் எந்தக் கட்சி என்று ஒரு சிப்பாயும் கேட்கவில்லை. நான்கு வருடம் முன்புதான் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1994இல் பழைய அரசுப் படை, எம்கே, இன்னொரு விடுதலை இயக்கமான பிஏசியின் அப்லா, கறுப்பின மக்களுக்கென்று வெள்ளையர் அரசு ஒதுக்கிய நான்கு பாண்டுஸ்தான் பகுதிகளின் படைகள் என்று ஏழு படைகளைச் சேர்த்துக் கட்டிய ராணுவம் அது.

கேள்வி: தளபதி பெரியவரா, பாதுகாப்புச் செயலர் பெரியவரா? – ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டு பேரும் அமைச்சருக்குக் கீழே. தளபதி படையை நடத்துவார். செயலர் சீருடை இல்லாத அரசு அதிகாரி. துறையின் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரும், கொள்கையில் அமைச்சருக்கு ஆலோசனை சொல்கிறவரும் அவர்தான்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருநாள் ஒரு பிரிகேடியர் ஜெனரல் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கூடாரம் வாங்கும் கோப்பு இரண்டு வாரமாக நிற்கிறது, பையன்கள் மழையில் படுக்கிறார்கள் என்றார். கோப்பில் மூன்று விலைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எங்கள் மேலதிகாரியான அம்மையார், வயதில் அவரைவிட இருபது சின்னவர், எழுந்து நின்று மரியாதையாகவே "இது போகாது, ஐயா" என்றார். பிரிகேடியரின் தொப்பி கக்கத்தில் இருந்தது, ஈர மண் அவர் பூட்ஸிலிருந்து எங்கள் கம்பளத்தில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மேசையோரமாக உட்கார்ந்து, மற்ற இரண்டு விலைப்புள்ளிகளையும் அனுப்பச் சொல்லித் தன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். மறுநாளே கோப்பு போய்விட்டது. மழையில் படுத்த பையன்களை நினைத்தால் இன்றும் மனசு சுடுகிறது. அந்த அம்மையார் செய்தது சரி என்றும் நினைக்கிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் துப்பாக்கியும் பணப்பெட்டியும் ஒரே ஆள் கையில் இருந்தன. படைத் தலைவராக இருந்த மாக்னஸ் மலான் 1980இல் நேராகப் பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் புதிய சாசனத்தின் 204ஆம் பிரிவு, பாதுகாப்புக்குச் சிவிலியன் செயலகம் வேண்டும் என்கிறது.

கேள்வி: தளபதி நேராக ஜனாதிபதியிடம் போகலாமா? – அதே வாசகர்

பதில்: 1998இல் அப்போதைய தளபதி ஜெனரல் ஜார்ஜ் மேரிங் போனார். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி நடக்கிறது என்று ஓர் அறிக்கையை மண்டேலா கையில் கொடுத்தார். அதில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ந்யாண்டாவின் பெயரே இருந்தது. மண்டேலா ஆத்திரப்படவில்லை, நீதிபதிகளிடம் ஒப்படைத்தார். நம்மவரான தலைமை நீதிபதி இஸ்மாயில் முகமது தலைமையில் விசாரித்தார்கள். அறிக்கையில் சாரமே இல்லை என்று தெரிந்தது. மேரிங் பதவி விலகினார், அந்த இடத்துக்கு ந்யாண்டாவே வந்தார். ஒரு சிப்பாயும் முகாமை விட்டு வெளியே வரவில்லை. என் வேலைக்காலத்தில் நான் அதிகம் பயந்த வாரங்கள் அவை.

கேள்வி: சிப்பாய் ஒருவர் என் தம்பியை அறைந்தார். யாரிடம் புகார் செய்வது? – ஒரு வாசகி, லெனேசியா

பதில்: முதலில் போலீஸ் நிலையத்தில் வழக்குப் பதியுங்கள். அத்துடன் ராணுவ ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, பொதுமக்கள் புகாரையும் வாங்கும். தேதி, நேரம், இடம், வண்டி எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்பட்டமாகச் சட்டவிரோதமான உத்தரவுக்குச் சிப்பாய் கீழ்ப்படியக் கூடாது என்று சாசனமே சொல்கிறது. ஆகவே "மேலிடம் சொன்னது" என்பது பதில் ஆகாது. 2020 ஊரடங்கில் அலெக்ஸாண்ட்ராவில் சிப்பாய்களிடம் அடிபட்ட காலின்ஸ் கோசா இறந்தபோது அவர் குடும்பம் நீதிமன்றம் போனதால்தான் சிப்பாய்கள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. தயங்காதீர்கள்.

கேள்வி: என் மகள் ராணுவத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். அவளைக் காங்கோவுக்கு அனுப்புவது யார் முடிவு? இரவெல்லாம் தூக்கமில்லை. – ஒரு தாய், வெருலம்

பதில்: தங்கச்சி, எழுபதுகளில் டர்பன் துறைமுகத்தின் சால்ஸ்பரி தீவில், இந்தியப் பையன்களுக்கென்று வைத்திருந்த ஜல்சேனா பயிற்சித் தளத்தில் நான் சேர்ந்தபோது, இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸில் வளர்ந்த என் அம்மாவும் இப்படித்தான் தூங்காமல் கிடந்தாள். அன்று எங்களை எங்கே அனுப்பினாலும் கேட்க அவளுக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

கிழக்குக் காங்கோவில் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் (SADC) படைக்கு 2,900 பேரை அனுப்புவதாக ஜனாதிபதி 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். 2025 ஜனவரியில் அங்குள்ள கோமா நகரைச் சுற்றி நடந்த சண்டையில் நம் 14 பேர் இறந்தார்கள். அனுப்பும் முடிவு ஜனாதிபதியுடையது. யார், எந்தப் படைப்பிரிவு என்பதைத் தளபதியின் அலுவலகம் பார்க்கும். உணவும் மருந்தும் ஹெலிகாப்டரும் போதுமா என்று கேட்க வேண்டியது நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் கூட்டுக் குழு. அதன் கூட்டங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவை.

மகளைத் தடுக்காதீர்கள். அவள் சேர்ந்த பிறகு, நம் வட்டார எம்பி ஓட்டுக் கேட்டு வரும்போது, ஜனாதிபதி நாடாளுமன்றத்துக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் படித்தாரா என்று கேளுங்கள். படிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன். அவர் கையிலேயே கொடுங்கள்.