நான் சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் வாங்கலாமா? நிறை, குறை என்ன?

தாராளமாக வாங்கலாம். 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. பூஞ்சைத் தொற்றில் சீரழிந்த அமெரிக்காவில் நாம் ஆடும் ஜோயலும், கூடவே வரும் சிறுமி எல்லியும் போகும் பயணம்தான் கதை.

இதன் பலமே சத்தம்தான். தொற்று முற்றிப்போன 'கிளிக்கர்' என்ற எதிரிகளுக்குப் பார்வை கிடையாது. 'டக் டக்'கென்று ஒலி எழுப்பித்தான் ஆளைத் தேடும். காயத்துக்குக் கட்டுப் போடப் பையைத் திறந்தாலும் கேம் நிற்காது. அங்கேதான் வியர்த்துக் கொட்டும். ஹெட்போன் கட்டாயம். நீங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடங்கி, நடுராத்திரியில் ஆடினால்தான் சரிப்படும்.

குறையா? ஏணியையும் பலகையையும் தூக்கி வைக்கிற வேலை திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும். பழைய பதிப்பில் எதிரியின் மூக்குக்கு முன்னால் எல்லி ஓடினாலும் அவன் கண்டுகொள்ள மாட்டான். பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். 2023 பிசி பதிப்பு வந்த புதிதில் ஏகப்பட்ட தகராறு, அப்டேட்டுகளுக்குப் பிறகு தேவலை. வன்முறை அதிகம், வீட்டில் பொடிசுகள் இருந்தால் ஹால் டிவியில் போடாதீர்கள்.