புற்றுநோய் என்பதை அம்மாவிடம் மறைக்கச் சொல்வது மருத்துவ அறத்துக்குப் பொருந்துமா?

அம்மாவுக்குப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேண்டுகோளை என் அப்பாவுக்காக ஒரு மருத்துவரிடம் வைத்தவன் நான். பொருந்தாது என்பதே இன்று என் பதில்.

1979இல் டாம் பீச்சாம்ப், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் முன்வைத்த நான்கு கொள்கைகளையே மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் முதலில் சொல்லித் தருகிறார்கள்: நோயாளியின் தன்னுரிமை (தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. நாம் மறைக்க நினைப்பது, அதிர்ச்சி என்ற தீங்கிலிருந்து அவரைக் காப்பதற்காக. ஆனால் எது தீங்கு என்பதை அவருக்குப் பதிலாக நாமே முடிவு செய்துவிடுகிறோம் என்பதை அந்த நேரத்தில் நாம் உணர்வதில்லை.

உறவினரின் சம்மதம் நோயாளியின் சம்மதத்துக்கு ஈடாகுமா என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு டெல்லி வழக்கில் தெளிவாக்கியது. 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி மூலம் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக்கொண்டு, மருத்துவர் அவரது கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று கூறி, மருத்துவர் கட்டணம் பெற உரிமை இல்லை என்றும் 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை, மகனான எனக்கு மட்டும் எங்கிருந்து வந்திருக்கும்?

அப்பாவின் கட்டிலுக்கு மேலாக நீட்டப்பட்ட ஒப்புதல் படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்ட அப்பா, "என்னப்பா எழுதியிருக்கு, நானும் பாக்கறேன்" என்று கை நீட்டினார். வழக்கமான தாள்தான் என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மருத்துவரின் வற்புறுத்தலால் உண்மையைச் சொன்னபோது அவர் அழவில்லை. கீமோ தொடங்குவதற்கு முன் தங்கை பெயருக்கு மனையை எழுதி வைக்க வேண்டும், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். அந்த மூன்று வாரங்களை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.

அதற்காக, கேட்க விரும்பாதவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் அறமாகாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் தன்னுரிமைதான். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் நோயின் கடுமையை மிகைப்படுத்தக் கூடாது, குறைத்தும் காட்டக் கூடாது என்றுதான் சொல்கின்றன. ஆகவே மருத்துவரிடம் மறைக்கச் சொல்லாதீர்கள். "உங்கள் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, அல்லது பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளட்டுமா?" என்று அம்மாவிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லட்டும். நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள், அவர் கூப்பிட்டதும் உள்ளே போங்கள்.