இன்ஹேலர் போட்டா பழகிடுமா டாக்டர்?

கேள்வி: எங்கம்மாவுக்கு 62 வயசு. பீடி, சிகரெட் தொட்டதில்ல, முப்பது வருஷமா விறகடுப்புதான். மூச்சு வாங்குதுன்னு போனா சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் நோய்னு சொல்லி இன்ஹேலர் குடுத்தாங்க. பழகிடும்னு பயந்து போடவே மாட்டேங்கறாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வச்சிடவா? - வாசகி, தேனி

பதில்: பழகாதும்மா, இது போதை மருந்தா என்ன? மாத்திரைன்னா மில்லிகிராம் கணக்குல உடம்பு பூரா சுத்தும், இன்ஹேலர்ல மைக்ரோகிராம்தான், அதுவும் நேரா நுரையீரலுக்கே போகுது. ஊதுகுழல் வச்சு ஊதி ஊதி உள்ள இழுத்த அடுப்புப் புகையும் பீடி பண்ற வேலையத்தான் பண்ணும், அதனால மொதல்ல கேஸ் அடுப்புக்கு மாத்துங்க.

நெறைய பேர் தப்பு பண்றது போடுற விதத்துலதான். அழுத்துறதும் இழுக்குறதும் ஒண்ணா வரலன்னா மருந்து தொண்டையிலயே ஒட்டிக்கும், அப்புறம் 'மருந்தே கேக்கல'ம்பாங்க. ஸ்பேசர் வாங்குங்க, இன்ஹேலர் வாய்ல மாட்டுற குழாய் அது, மருந்து அதுல நின்னு மெதுவா உள்ள போகும். நல்லா குலுக்கி, மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு, ஒரே ஒரு தடவ அழுத்தி, மெதுவா இழுத்து 10 செகண்ட் அடக்கச் சொல்லுங்க. ஸ்டீராய்டு கலந்ததுன்னா வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா வாய்ல வெள்ளையா படியும்.

சிலிண்டர் நீங்களா வாங்காதீங்க. சிஓபிடி இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் குடுக்கறப்ப, விரல்ல மாட்டிப் பாக்குற ரத்த ஆக்சிஜன் அளவு 88-92 சதவீதம் இருந்தாலே போதும், 99 வரணும்னு தெறந்து விட்டா கார்பன் டை ஆக்சைடு தங்கி மயக்கமே வந்துடும். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுங்க. சளி மஞ்சளாவோ பச்சையாவோ மாறி மூச்சுத்திணறலும் கூடினா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.